தாளாளர் ஐயாவின் நல்ல மனசு

வகுப்பில் சத்தமே இல்லையென்றால் பாடம் ஓகோவென்று நடக்கிறதென்று நம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள், மீதிப்பேர் அதில் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில், கோழிப்பண்ணைகளைத் தாண்டி இருக்கிற அந்த விடுதிப் பள்ளியின் தாளாளர் செல்லமுத்து முதல் ரகம். அவர் அறையில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கும். எல்லா வகுப்பும் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. அன்றைக்குக் காபியை உறிஞ்சிக்கொண்டே ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"பாருங்க அம்மணி, நம்ம சத்யபிரியா மிஸ் கிளாஸை. ஒரு புள்ள அசையுதா? பன்னெண்டாவதுன்னா இப்படி இருக்கோணும்."

அம்மணி என்றது கௌசியாவை. அவள் அங்கே நிர்வாக அலுவலர். யாருக்கு எந்த வகுப்பு, யாருக்கு எப்போது லீவு, யாருக்கும் யாருக்கும் சண்டை, எல்லாம் அவள் தலையில்தான் விடியும். சேலத்துப் பெண். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குச் சாமான் விற்கிற இஜாஸைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். தாளாளர் சொன்னதற்கு "ஆமாங்கய்யா" என்று தலையாட்டினாளே தவிர, அவள் கண் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை.

சத்யபிரியாவின் வகுப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த அம்மாள் கெமிஸ்ட்ரி எடுத்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். "டேய் தூங்குமூஞ்சி, எந்திரி சாமி, போய் மூஞ்சியக் கழுவிட்டு வா. ஏம்புள்ள, பேனாவைத் திங்கறயே, மெஸ்ஸுல சோறு போடலியா?" என்று ஒரே ரகளையாக இருக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், சிரிப்போடு சிரிப்பாகப் பாடமும் ஏறிவிடும். அப்பேர்ப்பட்ட வகுப்பு சுடுகாடு மாதிரிக் கிடக்கிறது, இவர் மெச்சிக்கொள்கிறார்!

அங்கிருந்து நேரே அந்த வகுப்புக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. சத்யபிரியா கரும்பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே பேசினாள், கரும்பலகைக்கே பாடம் நடத்துகிற மாதிரி. முன்பெஞ்சில் ஒருவன் வாயைப் பிளந்து தூங்குகிறான். திரும்பினாள், பார்த்தாள், மறுபடி எழுதப் போய்விட்டாள். திட்டவில்லை. கௌசியா அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள், இது சாதாரண அசதி இல்லை.

மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். முதலில், "ஒண்ணுமில்லைங்க மேடம், நல்லாத்தானுங்க இருக்கேன்" என்றே சாதித்தாள் சத்யபிரியா. கௌசியா விடவில்லை. டீ வரவழைத்தாள். ஆடை கட்டி ஆறும் வரைக்கும் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெதுவாகத்தான் சத்யபிரியா வாயைத் திறந்தாள்.

"போன வாரம் ஒரு புள்ள வந்துச்சுங்க. அதோட அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்களாம், ஓன்னு அழுதுச்சு. எனக்கு ஒண்ணுமே தோணலீங்க மேடம். கல்லாட்டம் நின்னேன். சரி, போய் உக்காருன்னு சொல்லிட்டு அடுத்த கணக்கைப் போட்டேன். வேன்ல போறப்பத்தான் நெனைச்சுப் பார்த்தேன், நானா அப்படிச் சொன்னேன்னு. முன்னயெல்லாம் நான் அப்படி இல்லீங்க."

"இல்லைதான் சத்யா. எனக்குத் தெரியாதா?"

"ஒரு மாசம் லீவு கெடைச்சாப் போதுங்க. தூங்கி எந்திரிச்சு, என்ற பையனைக் கூட வெச்சுக்கிட்டு ஊட்டுல கெடந்தா நான் பழையபடி ஆயிருவேன். இப்ப விட்டா ஆயிருவேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா, ஆவனான்னு எனக்கே தெரியலீங்க மேடம்."

பள்ளிபாளையத்துக்காரி அவள். புருஷன் கதிருக்கு அங்கே பேப்பர் மில்லில் ஷிப்ட் வேலை. பையன் நிலவன் நாலாவது படிக்கிறான், மாமியார் அங்கம்மாள் பார்த்துக்கொள்கிறாள். விடிவதற்குள் பள்ளி வேனைப் பிடித்தால் காலைப் படிப்பு, பகல் வகுப்பு, சாயங்காலப் படிப்பு எல்லாம் முடித்து இருட்டித்தான் திரும்புவாள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நன்றாகப் பாடம் எடுக்கிறாள் என்று ஒவ்வொரு வருஷமும் இன்னொரு பிரிவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இழுக்கிற மாட்டின் மேல்தானே பாரத்தை ஏற்றுவார்கள்.

தாளாளரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பாவம். கெட்ட மனுஷன் இல்லை. வாட்ச்மேனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் காரிலேயே சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். யாராவது கண் கலங்கினால் இவருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். இந்த மாதிரி மனுஷனிடம் என்ன செய்வது என்று அப்போது கௌசியாவுக்குத் தெரியவில்லை. நல்ல மனுஷனாச்சே, சொன்னால் கேட்பார் என்று நம்பித்தான் போனாள்.

"ஐயா, சத்யபிரியா மிஸ் உள்ளுக்குள்ள ஓய்ஞ்சு போயிட்டாங்க. இன்னும் முழுசா விழலை. இப்பவே ஒரு மாசம் லீவு குடுத்து, திரும்பி வந்ததும் சாயங்காலப் படிப்பிலிருந்து விடுவிச்சுட்டா தப்பிச்சுக்குவாங்க. விட்டோம்னா அவங்களையும் இழந்துருவோம், பசங்களுக்கும் நஷ்டம்."

"கிளாஸ் நல்லாத்தானுங்களே நடக்குது?"

இங்கேதான் கௌசியா சறுக்கினாள். வகுப்பு நல்லா நடக்கவில்லை, நீங்கள் மெச்சுகிற அமைதிதான் வியாதியே என்று பட்டென்று போட்டு உடைத்திருக்கலாம். சொன்னால் சத்யபிரியாவை வேலையை விட்டு எடுத்துவிடுவாரோ என்று பயம். அதனால் அவர் மனசு இளகுகிற மாதிரி வேறு ஒன்றைச் சொன்னாள்.

"இருட்டோட எந்திரிச்சு பள்ளிபாளையத்துலருந்து வர்றாங்கய்யா. சோறாக்கி வெச்சுட்டு, தூங்குற புள்ளை மூஞ்சியை மட்டும் பார்த்துட்டு வர்றாங்க. திரும்பிப் போறப்பவும் அது தூங்கிடுதாம். ஒரு பொம்பளை எத்தனை நாளைக்குத் தாங்குவா, சொல்லுங்க."

அவ்வளவுதான், செல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடப்பாவமே! இத்தனை அலைச்சலா? இதை ஏனுங்க அம்மணி முன்னாடியே சொல்லலை? நம்ம ஊட்டுப் புள்ளையாட்டம் உழைக்கறவங்களை நாமளே கவனிக்கலீன்னா அந்த ஆண்டவன் மன்னிப்பானா? நீங்க வெசனப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

"லீவு மட்டும் குடுத்தீங்கன்னா..."

"லீவு என்னங்க லீவு! அதுக்கும் மேல செய்யறேன், பாருங்க."

கௌசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் இஜாஸிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் சிரித்தான். "லீவைக் கேட்டா லீவுக்கும் மேலன்னு சொன்னாரா? எனக்கென்னவோ பயமா இருக்கு கௌசி. எங்க பழைய முதலாளி ஒருத்தர் அப்படித்தான், மேலுக்கு முடியலைன்னு சொன்னேன், டூட்டிக்கு வர்றதுக்கு வண்டி அனுப்பினார்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கடிந்துகொண்டாள். நாக்கில் சனி உட்கார்ந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பிரேயர். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, மேடையில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டிருந்தது. அதில் அங்கம்மாள் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கதிர், சலவைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு. நிலவனும் புது யூனிபார்மில். தாளாளரே கார் அனுப்பி வரவழைத்திருக்கிறார். சத்யபிரியாவுக்கே வேனை விட்டு இறங்கிய பிறகுதான் தெரியும்.

தாளாளர் மைக்கைப் பிடித்தார். சத்யபிரியா மிஸ்ஸின் உழைப்பைப் பற்றிச் சொன்னார், அலைச்சலைப் பற்றிச் சொன்னார், சொல்லும்போதே குரல் கம்மியது. "அந்த அலைச்சல் இன்னையோட தீர்ந்துச்சு. கேம்பஸுக்குள்ளயே மிஸ்ஸுக்கு வீடு. மூணு நேரமும் மெஸ் சாப்பாடு, அடுப்படிக்கே போக வேண்டாம். பையனுக்குப் பன்னெண்டாவது வரைக்கும் நம்ம பள்ளியில இலவசப் படிப்பு. அவனும் ஹாஸ்டல்லயே தங்கிக்கட்டும், மிஸ்ஸுக்குப் பையனைப் பார்த்துக்கற வெசனமும் வேண்டாம்!" என்றார்.

கைதட்டல் காதைப் பிளந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், வீட்டுச்சாவியைக் கையில் கொடுத்தார்கள். அங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளாளரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காதா என்று ஊரே தவம் கிடக்கும்போது, அவள்தான் என்ன செய்வாள்? கதிருக்கும் முகமெல்லாம் பூரிப்பு. சத்யபிரியா சாவியை வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து கௌசியா நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான் போங்கள். கௌசியா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் என்ன? கேம்பஸுக்குள் குடி வந்தவளுக்கு மணி என்ன, நேரம் என்ன! வேன் போய்விடும் என்கிற கெடு இல்லை. சாயங்காலப் படிப்பு ராத்திரிப் படிப்பாக நீண்டது. விடியற்காலையில் சந்தேகம் கேட்டு வந்து கதவைத் தட்டின பிள்ளைகள். லேடி வார்டன் ஊருக்குப் போனால், "சத்யா மிஸ் இங்கதானே இருக்காங்க, சித்த பார்த்துக்கட்டும்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் முடியக் காத்திருந்து கதிர் பார்த்துவிட்டுப் போவான். நிலவன் ஜூனியர் ஹாஸ்டலில். விடுதிக்கு ஒரே சட்டம்தான், டீச்சர் பிள்ளையானாலும் நினைத்த நேரத்தில் அம்மாவிடம் ஓட முடியாது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் அவன் வரிசையில் தட்டேந்திப் போவதை இவள் வராந்தாவில் நின்று பார்ப்பாள்.

கௌசியா ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனாள். புதுப் பெயிண்ட் வாசனை, டைல்ஸ் போட்ட தரை, ஒரு குறையும் இல்லாத வீடு. மூட்டைகூட இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை. சத்யபிரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னை மன்னிச்சுரு சத்யா. நான் லீவுதான் கேட்டேன். சத்தியமா லீவுதான் கேட்டேன்."

"தெரியுமுங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க, அவருங்கூட நல்லதுக்குத்தான் செஞ்சாரு." பிரிக்காத மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "அந்த வேன் இருக்குதுங்களே, அதுல கடைசி சீட்டு என்னோடது. ஏறி உக்காந்தா பள்ளிபாளையம் வரைக்கும் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் மிஸ்ஸும் இல்ல, மருமகளும் இல்ல. சும்மா உக்காந்திருப்பேன். எனக்கு இருந்தது அது ஒண்ணுதானுங்க. அலைச்சல்னு சொல்லி அதை எடுத்துட்டாங்க."

"வேண்டாம்னு திருப்பிக் குடுத்துரலாமே?"

"என்னத்தைங்க திருப்பிக் குடுக்கறது? அத்தை ஊரு பூரா சொல்லிட்டாங்க. பையனோட பழைய பள்ளிக்கூடத்துல டிசி வாங்கியாச்சு. இப்ப வேண்டாம்னா, இவளுக்குத் திமிரைப் பாருன்னு என்ற ஊட்டுக்காரரே சொல்லுவாருங்க."

கௌசியாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே தாளாளர் அறைக்குப் போனாள். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தூங்குவதைச் சொன்னாள், அமைதி வந்தது எதனால் என்று சொன்னாள், வீடு வேண்டாம், லீவுதான் வேண்டும் என்று சொன்னாள். செல்லமுத்து ஆடாமல் அசையாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் வாடிப் போயிற்று.

"இத்தனை செஞ்சும் பத்தலீங்களா அம்மணி? என்ற தங்கச்சிக்குக்கூட நான் இப்படிச் செஞ்சதில்லீங்க."

"செய்ய வேண்டாங்கய்யா. கொஞ்ச நாளைக்கு விட்டுட்டாப் போதும்."

"விடறதா? மனுஷங்க கஷ்டப்படறப்ப விட்டுட்டுப் போற ஆளுங்களா நானு?" அவர் குரலில் நிஜமான வலி இருந்தது. "புது எடம், பழகறதுக்குக் கொஞ்ச நாளாவும். பரிட்சை முடியட்டும், லீவைப் பத்திப் பேசுவோம். ஆனா ஒண்ணுங்க, நீங்க கண்டுபுடிச்சீங்க பாருங்க, அதுக்கு ஒரு கண்ணு வேணும். இனிமே யாரு சோர்ந்து போறாங்கன்னு நீங்களே பார்த்து எனக்குச் சொல்லோணும். உள்ள இன்னும் வீடுங்க காலியாத்தான் கெடக்குது."

பரீட்சை எப்போது முடிகிறது அந்தப் பள்ளியில்? ஒன்று முடிந்தால் இன்னொன்று. அது போகட்டும், கௌசியா எழுந்து வெளியே வந்தது அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான்.

சுவருக்கும் காது உண்டு, ஸ்டாஃப் ரூமுக்கு இரண்டு உண்டு. கௌசியா கண்ணில் சோர்ந்து பட்டால் கேம்பஸில் வீடு நிச்சயம் என்று மறுநாளே விஷயம் பரவிவிட்டது. பிசிக்ஸ் ஜெயபிரகாஷ் சார் மேஜையில் தலைகவிழ்த்துக் கிடந்தவர், கௌசியாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் சுருள்கம்பி மாதிரித் துள்ளி எழுந்தார். "சும்மாங்க மேடம், பேனா கீழ விழுந்துருச்சு, தேடினேன். நான் செம ஜோரா இருக்கேனுங்க! சேலத்துலருந்து பஸ்ஸுல வர்றது எனக்கு ஜாலிங்க!" என்று கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, பல்லெல்லாம் தெரிந்தது. தமிழ் டீச்சர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஜோக் அடித்தாள். முன்பெல்லாம் கௌசியாவின் அறைக்கு வந்து, "முடியலீங்க மேடம்" என்று புலம்பிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். புலம்புகிறவர்களுக்கு ஒரு பீரியட் மாற்றிக் கொடுப்பாள், ஒரு நாள் லீவு போட்டுக் கொடுப்பாள், சின்னச் சின்னதாக எத்தனையோ பேர் பிழைத்தார்கள். இப்போது ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் வருவதில்லை. எல்லோரும் நல்லா இருக்கிறார்கள். அத்தனை பேரும் நல்லா இருக்கிறார்கள், அவளைப் பார்த்தால் மட்டும்.

அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு. யாரிடம் போய்ச் சொல்வது? தாளாளரிடம் சொன்னால் அவளுக்கும் ஒரு வீடு கொடுத்தாலும் கொடுத்துவிடுவார்.

இப்படியிருக்கையில் ஒருநாள் மத்தியானம் சத்யபிரியா வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கௌசியா ஆவலாக எழுந்தாள். இத்தனை நாளில் அவளாகத் தேடி வந்தது இதுதான்.

"மேடம், எனக்கு ஒரு உதவி பண்ணோணும்."

"சொல்லு சத்யா. என்ன வேணும்னாலும் செய்றேன். திரும்பப் போய்ச் சண்டை போடட்டுமா?"

"ஐயோ, வேண்டாங்க!" பதறிப்போனாள். "தாளாளர் ஐயா நேத்து என்னைய வராந்தாவுல பார்த்துட்டாரு. இன்னும் முகம் வாட்டமாவே இருக்குதே மிஸ், புருஷன் கூட இல்லாத வெசனமான்னு கேட்டாரு. சாயங்காலமே என்ற ஊட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டாராம். மில் வேலையை விட்டுட்டு இங்க ஹாஸ்டல் மேனேஜரா வந்துருங்க, குடும்பமா ஒண்ணா இருக்கலாம்னு. அவருக்கு ரொம்ப சந்தோஷங்க மேடம். யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

கௌசியா கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தாள்.

"மில் வேலை ஒண்ணுதானுங்க வெளிய இருக்குது. அதையும் விட்டுட்டா அப்புறம் நாங்க எங்கயும் போக முடியாது. என்னைக்காவது ஒருநாள் இதை உட்டுட்டுப் போயிரலாம்னு நெனைச்சுட்டுத்தான் காலைல எந்திரிக்கறேன். என் முகத்தைப் பார்த்து ஐயாவுக்கு மனசு கேக்க மாட்டேங்குது, அதான். நான் நல்லா இருக்கறேன்னு தெரிஞ்சா விட்டுருவாரு." அருகில் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நீங்கதான் மொதல்ல கண்டுபுடிச்சீங்க. என்ன என்ன பார்த்துக் கண்டுபுடிச்சீங்கன்னு சொல்லுங்க மேடம். அதையெல்லாம் வெளிய தெரியாம வெச்சுக்கறேன்."

மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் கௌசியாவுக்கு இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? வேறு எந்த உதவியைச் செய்ய முடிந்தது அவளால்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா, நீ இப்பல்லாம் சித்த நேரம் கழிச்சுத்தான் பதில் சொல்ற. கேட்ட உடனே சொல்லிரணும்."

"அப்படிங்களா? எனக்கே தெரியலீங்களே. சரிங்க, உடனே சொல்லிர்றேன்."

"சாப்பாட்டு நேரத்துல தனியா போய் உக்காராதே. நாலு பேரோட உக்காந்து, அவங்க தட்டுலருந்து ஏதாவது எடுத்துச் சாப்பிடு. பொடவையை அப்படியே சுத்திக்கிட்டு வராம மடிப்பு வெச்சுக் கட்டு. தாளாளர் ஐயா வர்றப்ப நீயே முதல்ல போய்ப் பேச்சுக் குடு. அவர் பேத்தியைப் பத்திக் கேளு."

"கேக்கறேனுங்க." பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள் சத்யபிரியா. "அப்புறம்?"

"சிரிக்கணும் சத்யா."

சத்யபிரியா சிரித்துக் காட்டினாள். கௌசியா பார்த்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது.

"கண்ணையும் கொஞ்சம் சுருக்கு."

சுருக்கினாள். "இப்பங்க மேடம்?"

"இப்பச் சரியா இருக்கு" என்றாள் கௌசியா. "இனிமே யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது."